கிளப் திவாலானால் ஆட்டக்காரனுக்கு என்ன ஆகும்? நீரோடிக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரோடி தமிழ்நாட்டின் கடைசிக் கடற்கரை ஊர். அடுத்த ஊர் பொழியூர், அது கேரளம். வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று இந்தக் கரை முழுக்கக் கால்பந்துதான். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரை போனதிலிருந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் பையன்களும் கூடிவிட்டார்கள். நான் கொல்லங்கோட்டில் கணக்கு எழுதும் தொழில் செய்கிறேன், ஊர் கிளப்பின் கணக்கும் என்னிடம்தான் இருக்கிறது. அதனால் சம்பளம் நின்றுபோன பையன்கள், அவர்களுடைய அப்பாமார், கிளப்புக்குச் சாப்பாடு கொடுத்தவர், வண்டி ஓட்டியவர் என்று எல்லோரும் என் மேசைக்குத்தான் வருகிறார்கள். அவர்கள் கேட்டதை அவர்கள் சொன்னபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கிளப்ப மூடிட்டாங்கன்னா அது திவால்தானே அண்ணே?

இல்லை. கொடுக்க வேண்டிய கடனைக் கொடுக்க வழியில்லாமல் போவதுதான் திவால். முதலாளிக்கு மனம் மாறி அணியைக் கலைப்பது வேறு. மஹிந்திரா யுனைட்டெட் அணி 2010-இலும் ஜே.சி.டி. அணி 2011-இலும் நின்றன, பின்னாலிருந்த கம்பெனிகள் அப்புறமும் நடந்தன. எஃப்.சி. கொச்சின் கதை அப்படியில்லை. 1997-இல் தொடங்கி அதே ஆண்டு டியூராண்ட் கோப்பையை வாங்கியது. ஐ.எம். விஜயன் ஆடிய அணி. பணமில்லாமல் தடுமாறி 2002-இல் முடிந்தது.

உங்களுக்கு இது ஏன் முக்கியம்? மூடினாலும் கம்பெனி உயிரோடு இருந்தால் பாக்கியை அதனிடமே கேட்கலாம். திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால் முதலாளியிடம் கேட்டுப் பயனில்லை. தீர்ப்பாயம் நியமிக்கும் அதிகாரியிடம் வரிசையில் நிற்க வேண்டும்.

கிளப்புக்கு ஊரெல்லாம் கடன். அதுக்காக என்னையும் விடாம பிடிச்சு வச்சிருவாங்களா?

பாக்கி என்பது பணம், பதிவு என்பது நீங்கள் எந்தக் கிளப்பின் ஆட்டக்காரர் என்று சம்மேளனத்தில் இருப்பது; இரண்டும் வேறு. இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் கீழே வரும் எல்லாமே எளிது. கிளப் யாருக்கோ தரவேண்டிய கடனுக்கு நீங்கள் ஈடு இல்லை. உங்களைக் கட்டுவது ஒப்பந்தம் மட்டும்தான். ஒப்பந்தக் காலம் முடிந்தால் கிளப்பின் நிலை எதுவானாலும் நீங்கள் போகலாம். பெல்ஜியத்து ஆட்டக்காரர் போஸ்மன் 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வாங்கிய தீர்ப்புக்குப் பிறகு உலகம் முழுக்க அதுதான் நடைமுறை.

இதைத் திருப்பியும் பார்க்க வேண்டும். நீங்கள் வேறு கிளப்புக்குப் போய்விட்டதால் பழைய பாக்கி அழிந்துபோகாது. “என்.ஓ.சி. (ஆட்சேபமில்லைச் சான்று) வேணும்னா பாக்கி இல்லைன்னு எழுதிக் கொடு” என்று கேட்கும் இடத்தில்தான் நம் பையன்கள் ஏமாறுகிறார்கள். பணம் கைக்கு வராமல் அப்படி ஒரு வரிகூட எழுதிக் கொடுக்காதீர்கள்.

ரெண்டு மாசமா சம்பளம் வரல. நாளைக்கே பெட்டியக் கட்டிட்டு வந்துரலாமா?

வராதீர்கள். முதலில் கடிதம். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் டிரான்ஸ்ஃபர் (கிளப் மாறும்) விதிகளில் 14 பிஸ் என்றொரு பிரிவு 2018-இல் சேர்க்கப்பட்டது. குறைந்தது 2 மாதச் சம்பளம் பாக்கி நின்றால், எழுத்தில் கேட்டு, முழுப் பணத்தையும் கட்டக் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்கும் பணம் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்க உங்களுக்கு நியாயமான காரணம் உண்டு. அப்புறம் பாக்கியையும் கேட்கலாம், மீதி ஒப்பந்தக் காலத்துக்கு நஷ்ட ஈடும் கேட்கலாம். புதுக் கிளப்பில் கிடைக்கும் சம்பளத்தை அந்த ஈட்டில் கழித்துக்கொள்வார்கள்.

இந்தியக் கிளப்பும் இந்திய ஆட்டக்காரனும் என்றால் வழக்கு அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஆட்டக்காரர் நிலைக் குழுவுக்குப் போகும். அங்கே சம்மேளனத்தின் விதியையும் உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பதையும் முதலில் பார்ப்பார்கள். ஒப்பந்தத்தில் 15 நாளைவிடக் கூடுதல் அவகாசம் எழுதியிருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள். நாள் குறைந்தது என்று பிறகு யாரும் குற்றம் சொல்லக்கூடாது.

மேனேஜர்கிட்ட வாட்ஸ்ஆப்புல எத்தனை தடவ கேட்டாச்சு! அது போதாதா?

எங்கள் கரைப் பையன் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கிளப் பெயர் வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் பாங்க் பாஸ்புக்கை என் மேசையில் விரித்து வைத்தான். ‘சம்பளம்’ என்று கடைசியாக வரவு ஏறிய வரியைப் பேனாவால் வட்டம் போட்டிருந்தான். அதற்குக் கீழே மூன்று மாதத்துக்குச் செலவு மட்டும்தான்: ரீசார்ஜ், ரயில் டிக்கெட், அம்மா அனுப்பிய 2,000 ரூபாய் வந்த அன்றே எடுத்தது. போனில் மேனேஜரின் குரல் பதிவுகள் பதினொன்று. எல்லாவற்றிலும் “அடுத்த வாரம் மோனே”. ஒப்பந்தத்தின் நகல் எங்கே என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டதும் ஆபீசிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.

அவன் செய்த தவறு ஒன்றுதான். கோபத்தில் பயிற்சிக்குப் போவதை நிறுத்தினான். ஒரு வாரத்தில் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது, அனுமதியில்லாமல் வராமல் இருக்கிறான் என்று. பணம் தராதவர்கள் அவர்கள், எழுத்தில் குற்றவாளி ஆனது இவன். இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் குரல் பதிவை அழிக்காதீர்கள், ஆனால் அதை மட்டும் நம்பவும் வேண்டாம். எந்தெந்த மாதச் சம்பளம், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், எந்தக் கணக்கில் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, கிளப்பின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். அவகாசம் முடியும்வரை தினமும் பயிற்சிக்குப் போங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது நகல் கையில் வராமல் ஆபீசை விட்டு இறங்காதீர்கள்.

கிளப்புக்கு டிரான்ஸ்ஃபர் தடையாம். அப்போ நான் வெளியே போக முடியாதா?

போகலாம். தடை என்பது புது ஆட்டக்காரரைப் பதிவு செய்யத்தான். உள்ளே வரும் கதவு மட்டும் பூட்டியிருக்கிறது, வெளியே போகும் கதவு திறந்தே இருக்கிறது. ஏற்கெனவே பதிவானவர்கள் ஆடலாம், கிளப் அவர்களை விற்கலாம். தீர்ப்பு வந்து கணக்கு எண் கொடுத்து 45 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் ஃபிஃபா இந்தத் தடையைப் போடும். தொடர்ச்சியாக 3 பதிவுக் காலம் (ஆட்டக்காரரைப் பதிவு செய்யத் திறக்கும் ‘விண்டோ’) வரை நீளலாம், பணம் கட்டினால் நீங்கும்.

ஐதராபாத் எஃப்.சி.யைப் பாருங்கள். 2022 மார்ச் 20-ஆம் தேதி கோவாவின் ஃபட்டோர்டாவில் பெனால்டியில் நம் பக்கத்துக் கேரளா பிளாஸ்டர்ஸைத் தோற்கடித்து ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கிய அணி அது. பொழியூரில் அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டே ஆண்டில், 2023-24 சீசனில், சம்பளப் பாக்கி, பதிவுத் தடை, ஒவ்வொருவராக வெளியேறும் ஆட்டக்காரர்கள். போனவர்களுக்குப் பதில் ஆள் எடுக்க முடியவில்லை. மிஞ்சிய இளம் பையன்களை வைத்து ஆடிக் கடைசி இடத்தில் முடித்தார்கள். தடையின் பாரம் முழுக்க அந்தப் பையன்கள் தலையில்தான் விழுந்தது. தவறு செய்தவர்கள் அவர்கள் இல்லை.

வெளிநாட்டு ஆட்டக்காரனுக்கு மட்டும் ஃபிஃபா பணம் வாங்கிக் கொடுக்குது. நமக்கு ஏன் இல்ல?

ஃபிஃபா எடுப்பது இரண்டு நாடு சம்பந்தப்பட்ட வழக்கை. கோஸ்டாரிகாவின் உலகக் கோப்பை ஆட்டக்காரர் ஜானி அகோஸ்டாவின் பாக்கிக்காக 2021-இல் ஈஸ்ட் பெங்காலுக்குத் தடை வந்தது அப்படித்தான். அதே அணியில் நம் ஊர்ப் பையனுக்கும் பாக்கி இருந்தால் அவன் மேலே சொன்ன உள்நாட்டுக் குழுவுக்குத்தான் போக வேண்டும். அதுவும் தடை போடக்கூடிய குழுதான், சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஃபிஃபாவில் வழக்குப் போட 2 ஆண்டுதான் கெடு. எங்கே போனாலும் தள்ளிப் போடாதீர்கள்.

திவாலான பிறகு இருக்கிற காசு முதல்ல யாருக்கு?

ஆழ்கடல் போட்டுக்குப் போகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மீன் விற்ற பணத்தில் முதலில் டீசல், ஐஸ், ரேஷன் செலவு கழியும், மிஞ்சியதில்தான் பங்கு. இந்தியாவின் 2016 திவால் சட்டத்திலும், கம்பெனியை விற்றுக் கடனடைக்கும் நிலை வந்தால் முதலில் அந்த நடவடிக்கையின் செலவு. அடுத்து தொழிலாளிகளின் 24 மாதப் பாக்கியும் அடமானம் பிடித்த பாங்கும் ஒரே படியில். அதற்குப் பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். பின்னால் அடமானமில்லாமல் பணமாகக் கொடுத்த கடன், அதற்கும் பின்னால் அரசு வரி. சாப்பாடு, வண்டி வாடகை, மற்றக் கிளப்புகளுக்குத் தரவேண்டிய டிரான்ஸ்ஃபர் தவணை எல்லாம் ஏறக்குறையக் கடைசி. ஆட்டக்காரனைத் தொழிலாளி என்று எழுதுவதா ஊழியர் என்று எழுதுவதா என்று வாதம் வரும். ஊழியர் என்றே வைத்தாலும் சாப்பாட்டுக்காரருக்கு மேலேதான் நிற்பான்.

இங்கிலாந்தில் கணக்கு வேறு. லீகில் நீடிக்க வேண்டுமானால் ஆட்டக்காரர்களுக்கும் மற்றக் கிளப்புகளுக்கும் உள்ள கடனை முழுதாகக் கட்ட வேண்டும் என்பது அங்கே கால்பந்து அமைப்புகளின் விதி. 2010-இல் போர்ட்ஸ்மவுத் விழுந்தது. பிரீமியர் லீகில் இருக்கும்போதே நிர்வாகி (கடனில் மூழ்கிய கம்பெனியை நடத்த நியமிக்கப்படுபவர்) கைக்குப் போன முதல் கிளப் அது, 9 புள்ளி வெட்டினார்கள். கால்பந்துக்காரர்களுக்கு முழுப் பணம் என்று விதி சொல்ல, மைதானத்தில் முதலுதவி பார்த்த தொண்டு அமைப்பு உட்பட ஊர்க்காரர்கள் சில்லறைக்கு நின்றார்கள். வரித்துறை அந்த விதியை எதிர்த்து நீதிமன்றம் போய் 2012-இல் தோற்றது. பந்து ஆடுகிறவன் பக்கம் நிற்பவன் நான். ஆனாலும் கோடி வாங்குகிறவனுக்கு முழுசு, கட்டுப் போட்டவருக்குச் சில்லறை என்பது அநியாயம் என்றுதான் சொல்வேன்.

எனக்கு ஆறு லட்சம் பாக்கி. நானே கிளப் மேல திவால் கேஸ் போடலாமா?

தனியாக முடியாது. 2020 மார்ச்சிலிருந்து குறைந்தது 1 கோடி ரூபாய் பாக்கி இருக்க வேண்டும். இன்னொன்று, அந்தச் சட்டம் கம்பெனிகளுக்கானது. ஐ.எஸ்.எல். அணிகளின் பின்னால் இருப்பது பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள். நம் ஊர் கிளப் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவான சங்கம், பொழியூர்க்காரர்களுடையது திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம் 1955-இன் கீழ் வரும். சங்கத்தின் மேல் திவால் சட்டம் பாயாது, சிவில் வழக்குதான். ஒப்பந்தத்தின் மேல்பக்கத்தில் கம்பெனியா சங்கமா என்று முதலில் பாருங்கள்.

ஸ்காட்லாந்துல ரேஞ்சர்ஸ் விழுந்தப்போ ஆட்டக்காரங்க சும்மாவே கிளம்பிட்டாங்களாமே? நாமளும் அப்படிப் போகலாமா?

2012 பிப்ரவரியில் ரேஞ்சர்ஸ் நிர்வாகி கைக்குப் போனது, பெரிய கடன் வரித்துறைக்கு. கடனைக் குறைத்து வாங்கிக்கொள்ளும் சமரசத்துக்கு வரித்துறை சம்மதிக்கவில்லை. சொத்துகளைப் புதுக் கம்பெனி வாங்கி, அணி நான்காம் அடுக்கிலிருந்து தொடங்கியது. தொழில் கைமாறினால் ஊழியரின் ஒப்பந்தமும் கூடவே போகும் என்பது பிரிட்டன் சட்டம். ஆனால் ஊழியர் மறுக்கலாம். நைஸ்மித், விட்டேக்கர் போன்றவர்கள் அப்படி மறுத்துத்தான் கிளம்பினார்கள். ஒருவர் எவர்ட்டனுக்கு, இன்னொருவர் நார்விச்சுக்கு.

அது பிரிட்டனின் தொழிலாளர் சட்டம் கொடுத்த வழி. அதை அப்படியே இங்கே எடுத்துவந்து “கம்பெனி மாறிப்போச்சு, நான் ஃப்ரீ” என்று சொல்லக்கூடாது. இந்தியாவில் திவால் நடவடிக்கை தொடங்கினாலும் கம்பெனி தொடர்ந்து நடக்கிறது, ஒப்பந்தமும் நிற்கிறது. உங்கள் வழி மேலே சொன்ன 2 மாதம், 15 நாள் கடிதம்தான்.

புது முதலாளி வந்து “பழைய கடனுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல”ன்னு சொல்றாரு. சரிதானா?

பல நேரம் சரியில்லை. ஃபிஃபா ஒழுங்கு விதியில் ‘விளையாட்டு வாரிசு’ என்ற ஏற்பாடு உண்டு. பெயர், ஊர், ஜெர்சி நிறம், ஆட்டக்காரர்கள், பங்குதாரர்கள், ஆடும் பிரிவு இவற்றையெல்லாம் பார்த்து, பழைய கிளப்பின் தொடர்ச்சிதான் என்று தெரிந்தால் கடனும் வாரிசுக்கு உண்டு. பலகையை மாற்றி எழுதினால் கடன் போகாது.

ஒரு சிக்கல் உண்டு, இதில் பலர் தோற்றிருக்கிறார்கள். பழைய கிளப்பின் திவால் நடவடிக்கையில் உங்கள் பாக்கியைப் பதிவு செய்யாமல் சும்மா இருந்துவிட்டு, பிறகு வாரிசிடம் மட்டும் கேட்டால், “அங்கே ஏன் கேட்கவில்லை?” என்று சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் திருப்பி அனுப்பியிருக்கிறது. அங்கே ஒரு ரூபாய்கூட வராது என்று தெரிந்தாலும் பதிவு செய்யுங்கள்.

சீசன் நடுவுல கிளப் போயிருச்சு, விண்டோவும் மூடியாச்சு. வருசம் பூரா வீட்டுலதானா?

பதிவுக் காலம் முடியும் முன்பே ஒப்பந்தம் முடிந்திருந்தால், பிறகும் பதிவு செய்ய ஃபிஃபா விதியில் விலக்கு உண்டு. எந்தத் தேதியில் முடிந்தது என்பதுதான் கேள்வி. விண்டோ மூட 3 வாரம் இருக்கும்போதே கடிதம் அனுப்பச் சொல்வது அதனால்தான். 15 நாள் கணக்கு உள்ளேயே முடியும். ஒரு சீசனில் 3 கிளப்பில் பதிவாகலாம், ஆனால் 2 கிளப்புக்குத்தான் ஆட முடியும் என்பதும் நினைவிருக்கட்டும். நம் பையன் பொழியூர்ப் பக்கம் போனாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் டிரான்ஸ்ஃபர். நடந்தே போகும் தூரம் என்று தாள் வேலையைத் தள்ளிப் போடக்கூடாது.

நாங்க வளர்த்த பையன் வெளிநாட்டுக் கிளப்புக்குப் போனா ஊர் கிளப்புக்குப் பங்கு வருமாமே?

வரும். நாடு விட்டு நாடு நடக்கும் டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதம் வளர்த்த கிளப்புகளுக்கு. 12 முதல் 15 வயது வரை வருடத்துக்கு 0.25, 16 முதல் 23 வரை 0.5 சதவீதம். 12 முதல் 15 வரை நாலு வருடமும் நம்மிடம் இருந்த பையன் 1 கோடிக்குப் போனால் நமக்கு 1 லட்சம். அதில் ஒரு வருடத்துக்குப் பந்தும் வலையும் வாங்கலாம். 2022 நவம்பரிலிருந்து இந்தப் பணம் ஃபிஃபாவின் தீர்வகம் (கிளியரிங் ஹவுஸ்) வழியாகப் போகிறது. பையனின் பெயர் நம் கிளப்பில் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். தேவாலயத் திருவிழாப் போட்டியில் எடுத்த போட்டோ சாட்சி ஆகாது.

திவால் இங்கேயும் அடிக்கிறது. கிளப் விழுந்து பையன் ஃப்ரீயாகப் போனால் டிரான்ஸ்ஃபர் தொகை பூஜ்யம். பூஜ்யத்தில் 5 சதவீதம் பூஜ்யம். 2015-இல் இத்தாலியின் பார்மா கிளப் திவாலாகி நான்காம் அடுக்கிலிருந்து மறுபடி தொடங்கியதும், அடுத்தடுத்து மூன்று முறை மேலேறி 2018-இல் முதல் அடுக்கான சீரி ஆ-வுக்குத் திரும்பியதும் எல்லோரும் சொல்லும் கதை. அன்று விலையில்லாமல் கிளம்பிய ஆட்டக்காரர்களை வளர்த்த சின்னக் கிளப்புகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

செவன்ஸ்ல பேசின காசு தரல. யார்கிட்ட போக?

செவன்ஸ் என்பது மலப்புரம், பாலக்காடு பக்கம் அணிக்கு ஏழு பேராக ஆடும் கால்பந்து, அது கால்பந்துச் சம்மேளனத்தின் கீழ் வராது. ஒப்பந்தம், குழு, தடை எதுவும் உதவாது. ஆட்டத்துக்கு முன்பே காசை வாங்கிக்கொள்ளுங்கள். தேதியும் தொகையும் ஒரு செய்தியிலாவது இருக்கட்டும்.

நான் பந்து ஆடுறவன் இல்ல. டீமுக்கு வேன் ஓட்டினேன், நாலு மாச வாடகை வரணும். எனக்கு ஃபிஃபா இல்லையே?

களியக்காவிளையிலிருந்து வந்த ஒரு வேன்காரர் கேட்டது. டிரிப் ஷீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் கிளம்பிய நேரம், கிலோமீட்டர், அணி மேனேஜரின் கையெழுத்து. ஆட்டக்காரன் எவனும் இவ்வளவு சுத்தமாகத் தாள் வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

ஃபிஃபா இல்லை, ஆனால் வேறு வழி உண்டு. ‘உத்யம்’ என்ற மத்திய அரசுப் பதிவு உள்ள சிறு தொழிலுக்கு 2006 சிறு தொழில் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் பாங்க் வட்டி வீதத்தின் மூன்று மடங்கில், மாதா மாதம் கூட்டு வட்டி சேரும். அதற்கென்று மாநிலத்தில் வசதிக் கவுன்சில் இருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் சிவில் நீதிமன்றம், 3 ஆண்டுக்குள். கிளப் ஏற்கெனவே திவால் நடவடிக்கையில் இருந்தால் வழக்குகள் எல்லாம் அப்படியே நிற்கும். அப்போது உள்ளூர் மொழிப் பத்திரிகையில் வரும் அறிவிப்பைப் பார்த்து, அதில் போட்டிருக்கும் தேதிக்குள் படிவம் ‘பி’ கொடுக்க வேண்டும். ஆட்டக்காரனும் மற்ற ஊழியர்களும் கொடுக்க வேண்டியது ‘டி’. கிளப் கேரளத்துக் கம்பெனி என்றால் அறிவிப்பு மலையாளப் பத்திரிகையில் வரும். நம் வீட்டுக்கு வரும் தமிழ்ப் பேப்பரில் தேடிக்கொண்டிருந்தால் தேதி போய்விடும்.

அவருக்கு உத்யம் பதிவு இல்லை. கிளப் இன்னும் திவாலுக்குப் போகவும் இல்லை. டிரிப் ஷீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி, கூட்டிப் பார்த்து, அன்று இரவே நோட்டீஸ் எழுதினோம். மறுநாள் காலை கொல்லங்கோடு தபால் ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாகப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, ரசீதை அதே ரப்பர் பேண்டுக்குள் செருகிக்கொண்டு போனார்.